மூலைக்கு மூலை

கிண்ணியாப் பாலம் தாண்டி இடப்பக்கம்,
ஐஸ் தொழிற்சாலைச் சுவருக்குப் பின்னால்
இரண்டு சேசிஸ் வைத்திருந்தார் இம்தாத்.
ஒன்றுக்குப் புதுச் சிவப்பு.
மற்றதற்கு நிறமென்று சொல்ல ஏதுமில்லை.
இஞ்சின் இல்லை, சில்லு இல்லை,
செங்கல்லின் மேல் குந்தியிருந்தன
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவை போல.

"செவப்ப எடுங்க தங்கச்சி,
போன வருசம் ரெண்டு கப் அடிச்சது."
கப் அடித்தது குழாயா ஓட்டியவனா
என்று நான் கேட்கவில்லை.
பையிலிருந்து நூலை எடுத்தேன்.

முன் இடத்திலிருந்து பின் வலம்.
முன் வலத்திலிருந்து பின் இடம்.
மறு நுனியைச் செல்டன் பிடித்தான்,
பாலையூற்றில் கேற் ஒட்டுகிறவன்,
மில்லிமீற்றரில் மட்டும் பொய் சொல்லத் தெரியாதவன்.
சிவப்பு அச்சொட்டாய்ப் பொருந்தியது.
நிறமில்லாதது மூன்று மில்லிமீற்றர் பிசகு.
இம்தாத் சிரித்தார்,
விலை அப்போதே ஏறிவிட்டது.

பிறகு ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டினேன்.

இந்த ஊரில் துரு வெளியே தொடங்குவதில்லை.
மாரியில் உப்பு
சாவி ஓட்டைக்குள்ளும் போய்ப் படுக்கும்.
குழாயின் வாயை மூடாமல் விட்டால்
உள்ளேயிருந்து தின்னும்,
வெளியே பெயின்ற்
நல்ல பிள்ளை மாதிரி நிற்கும்.

ணங், ணங், ணங்.
ஆசனத்துக்கு நேர் கீழே, சிவப்பில்,
டப்.
செல்டன் என்னைப் பார்த்தான்.
நான் இம்தாதைப் பார்த்தேன்.
இம்தாத் கடலைப் பார்த்தார்.

மற்றதில் ஒட்டு மூன்று இடத்தில் தெரிந்தது,
மீன் செதிலாய் ஒழுங்காய் அடுக்கி.
ஒட்டியவர் மறைக்க நினைக்கவில்லை.
"ஆர் உருட்டினது?"
"நிலாவெளிப் பொடியன்."
"ஆள்?"
"டோஹாவில லொறி ஓடுறான்."

முன் மூலையைத் தூக்கச் சொன்னேன்.
நல்ல சட்டகம் ஒரேயடியாய் எழும்பாது.
ஒரு மூலை எழும்ப, எதிர் மூலை
கொஞ்சம் யோசிக்கும்.
விட்டால் முறுக்கைக் கழற்றிக்கொண்டு
தன் இடத்துக்கே திரும்பும்.
இது யோசித்தது. திரும்பியது.

என் பழையது யோசித்துக்கொண்டே இருக்கும்.
வளைவில் நான் இடம் என்றால்
அது கூட்டம் போட்டுப் பேசலாம் என்னும்.
அப்படித்தான் போன ஆடியில்
மண் மேட்டுக்கு அந்தப் பக்கம்
தலைகீழாய்த் தொங்கி
பெற்றோல் சொட்டுவதை எண்ணினேன்.
பதினேழு வரை ஞாபகம்.

"மூண்டு மில்லிமீற்றர் பிசகு, பரவாயில்லையா?"
செல்டன் காதுக்குள் கேட்டான்.
என் இடக்கால் எட்டு மில்லிமீற்றர் கட்டை.
டொக்டர் அளந்து
கையெழுத்தும் வைத்திருக்கிறார்.
நடக்கிறேன்தானே.

ஒன்றே முக்கால் கேட்டார்.
ஒன்று பத்து சொன்னேன்.
பிளேன்ரீ வந்தது, சீனி கூட.
ஒன்று நாற்பதில் கை குடுத்தோம்.
"அந்தச் சிவப்பை ஓட்டத்துக்கு வித்திராதேங்கோ."
"சே, கோழிக்கூடு கட்டுவன்" என்றார்.

சீனன்குடாச் சோதனைச் சாவடியில்
லான்ட்மாஸ்டர் பெட்டியைச் சுற்றி வந்தான்
விமானப்படைப் பையன்.
"இது என்ன?"
"கார்."
"எங்க கார்?"
மூவருமாய்க் குனிந்து
குழாய்களுக்கு நடுவே பார்த்தோம்.
ஒரு காகம் தார் வீதியில் நடந்து போனது.
"சரி, போங்க."

வெள்ளிக்கிழமை செல்டன் போன் எடுத்தான்.
சிவப்பு போய்விட்டதாம், மூதூர்ப் பக்கம்.
காசு முழுதாய்க் குடுத்தவனாம்,
பெயர் தெரியாதாம்.

தட்டின இடத்தில்
ஒரு துளையாவது போட்டுவிட்டு வந்திருக்கலாம்.

அந்தக் குற்றியை இன்னும் செலவழிக்கவில்லை.
காற்சட்டைப் பையில் சாவியோடு கிடந்து
நடக்கும்போதெல்லாம்
எட்டு மில்லிமீற்றருக்கு ஒருதரம்
சத்தம் போடுகிறது.